ஆபரேஷனுக்கு முன்னாடி விருந்தா? வேண்டவே வேண்டாம்!



உடம்பைக் குறைக்க ஆபரேஷன் செய்து கொள்வது பற்றி நம் பெண்கள் பேசிக் கொள்வதைக் கேட்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. "வயித்தை வெட்டி சின்னதாக்கிடுவாங்களாம், அப்புறம் தானா இளைச்சிடுமாம்" என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. அதற்கு முந்தின மூன்று மாதம் அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாள், அந்த மூன்று மாதமும் வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை.

என் கருத்து இதுதான். ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பெண்ணை மட்டும் பத்தியம் இருக்கச் சொன்னால் போதாது. அந்த வீட்டு அடுப்பங்கரையே பத்தியத்துக்கு மாறணும். வீட்டு ஆண்பிள்ளை சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் வீட்டில் கறி, மீன் கிடையாது. யாராவது முகம் சுளிக்கிறோமா? பிரசவம் ஆன பெண்ணுக்கு பூண்டுக் குழம்பும் பத்திய ரசமும் வைத்தால் வீடே அதைத்தான் சாப்பிடுகிறது. ஒரு பெண் தன் உயிரைக் காப்பாற்றிக் கொள்ள மூன்று மாதம் வாயைக் கட்டும் போது மட்டும், "உனக்கு வேணும்னா நீ தனியா பண்ணிக்கோ" என்று சொல்வது என்ன நியாயம்?

இது எங்கோ நாலு பேர் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2019-21ல் மத்திய அரசு எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள் என்று வந்திருக்கிறது. 2015-16 கணக்கில் அது 31 பேர்தான். நம் தெருவில் பத்து வீடு இருந்தால் நாலு வீட்டில் இந்தக் கவலை இருக்கிறது. அத்தனை பேருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. ஆனால் சிலருக்கு அது தவிர வழியில்லை என்கிற நிலைமை வந்து விடுகிறது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், வயது 41. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. எடையை மீட்டர் கணக்கு உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவதை பி.எம்.ஐ. என்கிறார்கள். அக்காவுக்கு அது 46க்கு மேல். 9 வருஷமாக சர்க்கரை, பிரஷர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று ராத்திரி முகத்தில் மாட்டிக் கொள்ளும் மெஷின் வேறு. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்து விடுவார்கள். மதுரையில் காட்டிய டாக்டர், இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்து விட்டு வாழைக்காய் போல் குழாயாக வைக்கும் ஆபரேஷனைச் சொன்னார். ஸ்லீவ் என்று பெயராம். ஆனால் ஒரு கண்டிஷன். "மூணு மாசம் டைம் தர்றேன். முடிஞ்ச வரைக்கும் 100க்கு 5ல இருந்து 10 பங்கு எடையைக் குறைச்சிட்டு வாங்கம்மா. பழக்கத்தை இப்பவே மாத்துங்க. மாத்தினாத்தான் ஆபரேஷன் பலன் தரும்" என்றார். அக்கா கணக்குக்கு அது ஐந்தரை கிலோவிலிருந்து 11 கிலோ வரை.

இதைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டார்கள். "எப்படியும் ஆபரேஷன் பண்ணப் போறாங்க, அதுக்கு முன்னாடி எதுக்கு பட்டினி?" என்பது ஒரு கட்சி. "பத்தியம் இருந்தே குறைக்க முடியும்னா அப்புறம் எதுக்கு ஆபரேஷன்? பணத்துக்குக் கேடு" என்பது இன்னொரு கட்சி. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்விகள் வரும். பதில் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

முதல் கேள்விக்குப் பதில் ஈரலில் இருக்கிறது. கறிக்கடையில் ஈரல் வாங்கிப் பழக்கமுள்ளவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். ரொம்ப எடை உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து, வெளிறி, ஊதிப்போய், தொட்டால் கிழிகிற பதத்தில் இருக்குமாம். நம் உடம்பில் ஈரலின் இடது பக்கம் இரைப்பைக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. லேப்ராஸ்கோப்பி முறையில் சின்னச் சின்ன துளை வழியாக கருவியை விட்டு, அந்த ஈரலைத் தூக்கிப் பிடித்துக் கொண்டுதான் இரைப்பையை வெட்ட வேண்டும். ஊதின ஈரல் இடத்தை அடைத்துக் கொண்டால் டாக்டருக்குக் கண் மறைக்கும், ரத்தம் கசியும், சமயத்தில் துளை போதாமல் வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டி வரும். மாவையும் இனிப்பையும் கொழுப்பையும் 2 வாரம் முதல் 4 வாரம் வரை நன்றாகக் குறைத்தாலே ஈரல் சுருங்கி விடும் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாட்களில் கஞ்சி மாதிரி, சூப் மாதிரி மட்டும் கொடுப்பது இதற்காகத்தான். அது தண்டனை இல்லை, பட்டினியும் இல்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் சாமானை ஒதுக்கி வைக்கிற மாதிரி.

இரண்டாவது கேள்வி கேட்கிறவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். அக்கா இதற்கு முன் இரண்டு தடவை 8 கிலோ, 10 கிலோ என்று குறைத்தவர்கள்தான். இரண்டு தடவையும் ஒரே வருஷத்தில் திரும்பி வந்து விட்டது. "வாயைக் கட்டத் தெரியலை" என்று எல்லாரும் சொன்னோமே தவிர, உடம்பு இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கத்தான் பார்க்கும், பசியை அதிகமாக்கும் என்று அந்த டயட்டீஷியன் அம்மா சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கே தெரிந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஒரு சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல் பாகத்தில்தான் உண்டாகிறதாம். ஸ்லீவ் ஆபரேஷனில் அந்தப் பாகத்தை எடுத்து விடுவதால் பசியும் அடங்குகிறது. ஆக, மூன்று மாத பத்தியத்தில் 8 கிலோ குறைவது ஆபரேஷனை சுலபமாக்கும். நாற்பது, ஐம்பது கிலோ அதிகமாக இருப்பவருக்கு அது மட்டுமே வைத்தியம் ஆகி விடாது. இரண்டும் வேண்டும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது விருந்து.

தேதி குறித்தாயிற்று என்று தெரிந்ததும் அக்காவின் பிறந்த வீட்டிலிருந்து, சித்தி வீட்டிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து என்று வரிசையாக அழைப்பு. "அப்புறம் ஒரு இட்லிகூட உள்ள போகாதாமே. இப்பவே ஆசை தீர சாப்பிட்டுக்கோடி" என்று பிரியாணி, பால்கோவா, கோழி வறுவல். வளைகாப்புக்கு ஏழு வகை சாதம் கட்டிக் கொண்டு வருகிற மாதிரி தூக்குப் பாத்திரத்தோடு வந்தார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசம் போய்ச் சேருகிற இடம் எது? டாக்டர் சுருக்கச் சொன்ன அந்த ஈரல்தான். அதுவும் கடைசி 2 வாரத்தில் வைக்கிற விருந்து, பத்து வாரம் கஷ்டப்பட்டதைக் கெடுத்து விடும்.

உடம்புக்குக் கெடுதல் ஒரு பக்கம் இருக்கட்டும். மனசுக்கும் அது கெடுதல். "கடைசியா சாப்பிட்டுக்கோ" என்று சொல்லும் போது, சாப்பாட்டோடு சேர்த்து சந்தோஷமும் இனிமேல் உனக்குக் கிடையாது என்று அவளிடம் சொல்லி விடுகிறோம். தூக்குக்குப் போகிறவனுக்குக் கேட்கிற மாதிரி "கடைசி ஆசை என்ன?" என்று கேட்டால் பயப்படாமல் என்ன செய்வாள்? நிஜம் அப்படியில்லை. முதலில் சில வாரம் தண்ணீராக, பிறகு மசித்து, பிறகு சிறுகச் சிறுக நம் வீட்டுச் சாப்பாடேதான் சாப்பிடப் போகிறாள். இட்லியும் உண்டு, மீன் குழம்பும் உண்டு. அளவு மட்டும்தான் கொஞ்சம்.

ஆகவே சகோதரிகளே, ஆபரேஷனுக்குப் போகிற பெண்ணைப் பார்க்கப் போனால் பலகாரம் எடுத்துப் போகாதீர்கள். கொய்யாப்பழம் நாலு வாங்கிப் போங்கள், அதுவும் அவள் டாக்டர் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தால். இல்லாவிட்டால் சாயங்காலம் அவளோடு அரை மணி நேரம் நடந்து விட்டு வாருங்கள். அதை விடப் பெரிய சீர் கிடையாது.

எங்கள் வீட்டில் என்னென்ன மாற்றினோம் என்று எழுதுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். பெரியவர், சிறியவர் சேர்த்து ஒன்பது பேர். மாதம் 6 லிட்டர் வாங்கின எண்ணெயை 4 லிட்டராகக் குறைத்தோம். பாட்டிலை அப்படியே சாய்க்கிற பழக்கத்தை நிறுத்தி, ஸ்பூனால் அளந்து ஊற்றினோம். காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று நாளைக்கு நாலு காபி குடித்தால் 8 ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். மாதத்துக்கு ஒரு ஆளுக்கு 1 கிலோ 200 கிராம்! கணக்குப் போட்டுப் பார்த்ததும் என் வீட்டுக்காரரே அரை ஸ்பூனுக்கு இறங்கி விட்டார்.

அக்காவுக்கு சர்க்கரை வியாதி இருப்பதால் காபியில் போடுவதில்லை. பிறகு எடை எங்கிருந்து ஏறியது என்றால், பிள்ளைகள் தட்டில்! பாதி தோசை, இரண்டு வாய் சாதம், கடித்து வைத்த வடை. குப்பையில் போட மனசு வராமல் வாயில் போட்டுக் கொள்வது நம் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தானே. டயட்டீஷியன் அம்மா அக்காவை ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் "சாப்பாடு" என்று உட்கார்ந்து சாப்பிட்டதை விட, நின்று கொண்டு சாப்பிட்டது அதிகம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாக வைக்கணும், கேட்டால் மறுபடி வைக்கணும். மீந்தது வாசலில் நிற்கிற மாட்டுக்கு. அக்கா வாய்க்கு இல்லை.

அடுத்தது புரதச் சத்து. ஆபரேஷனுக்குப் பிறகு நாளைக்கு 60 கிராமாவது வேண்டுமாம், அதனால் இப்போதே பழகச் சொல்கிறார்கள். நம் சாப்பாட்டில் அது குறைவு. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான் இருக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் 6லிருந்து 7 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். அதனால் தட்டில் முதலில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பன்னீர் இவற்றில் ஒன்று. அப்புறம் காய், கீரை. கடைசியில்தான் சாதம், அதுவும் ஒரு கரண்டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பாசிப்பயறு அடை, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், பன்னீர் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். ராத்திரி பூரி, பரோட்டா என்பதை நிறுத்தி ஏழரை மணிக்குள் சாப்பாட்டை முடித்தோம்.

கேட்கச் சின்னதாக இருந்து செய்யக் கஷ்டமான பழக்கம் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு வாயையும் 20, 25 தடவை மென்று, சாப்பாட்டுக்கு 20 நிமிஷமாவது எடுத்துக் கொள்வது. இன்னொன்று, சாப்பிடும் போது தண்ணீர் குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு அவசரமாக விழுங்கினால் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும். அன்று போய்ப் பழகுவதை விட இன்றே பழகுவது மேல் அல்லவா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்கள் அக்கா 41 வயதில் மென்று தின்னக் கற்றுக் கொண்டு அந்தப் பழமொழியைப் பொய்யாக்கி விட்டார்கள்.

ஆனால் பாருங்கள், மென்று சாப்பிட 20 நிமிஷம் ஒரு இல்லத்தரசிக்கு எங்கே கிடைக்கிறது? தோசை வார்த்துக் கொண்டே அள்ளிப் போட்டுக் கொள்பவள்தானே அவள். நடைக்கு 45 நிமிஷம் எங்கே கிடைக்கிறது? அதனால்தான் வீடே மாறணும் என்கிறேன். எங்கள் வீட்டில் காலைச் சமையலை நான் எடுத்துக் கொண்டேன். பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கட்டுவதும் தண்ணீர் பிடிப்பதும் மூத்தார் வேலை. எங்கள் அத்தை முதலில், "ஆம்பளை அடுப்பங்கரையில நிக்கிறதா?" என்று முணுமுணுத்தார்கள். டாக்டர் அவர்களைக் கூப்பிட்டு ஈரல் படத்தைக் காட்டி விளக்கின பிறகு, அவர்களே சாயங்காலம் அக்காவைக் கூட்டிக் கொண்டு நடக்கக் கிளம்பி விடுகிறார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும் போது நோயாளியோடு வீட்டில் சமைக்கிறவர், காசு கொடுக்கிறவர் இருவரும் போகணும். நாம் சொன்னால் எடுபடாதது டாக்டர் சொன்னால் எடுபடும்.

சில எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொள்கிறவர்கள் தாங்களாகவே சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சாப்பாடு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்து விடும். எங்கள் அக்காவுக்கு இரண்டு முறை ரத்தம் பரிசோதித்து டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். அடுத்த வீட்டுக்காரி டயட் சீட்டைப் பார்த்து எழுதிக் கொள்வதும் கூடாது.

நாங்கள் முதலில் விசாரித்த ஒரு ஆஸ்பத்திரியில், "நாளைக்கே அட்மிட் ஆகுங்க, இந்த மாசம் சலுகை" என்றார்கள். தைராய்டு பார்க்கணுமா, எண்டோஸ்கோப்பி உண்டா, டயட்டீஷியன் யார், மனநல ஆலோசனை உண்டா என்று கேட்டதற்கு சரியான பதில் இல்லை. எழுந்து வந்து விட்டோம். புடவைக்குத்தான் ஆடித் தள்ளுபடி, இரைப்பைக்கு இல்லை. இதயம், நுரையீரல், ரத்தம் எல்லாம் பார்த்து, பழக்கத்தை மாற்ற நேரம் கொடுக்கிற இடம்தான் நல்ல இடம்.

அதே சமயம், "இத்தனை கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன்" என்று ஒரு பெண்ணை மாதக்கணக்கில் அலைய விடுவதும் சரியில்லை. இந்த ஆபரேஷன் செய்யும் அமெரிக்க டாக்டர்கள் சங்கமே 2016ல், இன்சூரன்ஸ்காரர்கள் கட்டாயமாக எடை குறைக்கச் சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. 8 கிலோ குறைய வேண்டிய இடத்தில் 4 கிலோதான் குறைந்தது என்றால் அவளைத் திட்டக் கூடாது. எத்தனை கிலோ என்பதை விட, பழக்கம் மாறியதா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2019ல் வந்த விதிப்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்கணும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை போன்றவற்றோடு, மற்ற முயற்சிகளில் பலன் இல்லாமல் போயிருக்கணும். இல்லாவிட்டால் கம்பெனி பணம் தர மறுக்கலாம். டயட்டீஷியன் சீட்டு, எடை எழுதின அட்டை, பழைய பிரிஸ்கிருப்ஷன் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் எடுக்கணும், வருஷா வருஷம் ரத்தம் பார்க்கணும். சில மாதம் முடி கொட்டலாம். குழந்தை வேண்டும் என்கிற பெண்கள் ஒன்று, ஒன்றரை வருஷம் தள்ளிப் போட வேண்டும். பழைய பழக்கம் திரும்பினால் எடையும் திரும்பும். அதனால்தான் சொல்கிறேன், முன்னால் மூன்று மாதம் பழகுவது பின்னால் முப்பது வருஷத்துக்கு.

இந்தக் கடிதம் எழுதும் போது அக்காவுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. 112 கிலோ 104க்கு வந்திருக்கிறது. மாடிப்படி உட்காராமல் ஏறுகிறார்கள். நேற்றிலிருந்து மோர், தெளிந்த ரசம், வடிகட்டின சூப், பாலில் கரைத்த புரதப் பொடி. பயமும் இருக்கிறது. அவர்களுக்கும் இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. எந்த ஆபரேஷனும் விளையாட்டு இல்லை. அந்தப் பயத்தைக் குறைக்க எங்களால் முடிந்தது, அடுத்த 18 நாளைக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் இருப்பதுதான். வைக்க மாட்டோம்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலைமையில் இருந்தால் நீங்கள் என்ன மாற்றினீர்கள், எது கஷ்டமாக இருந்தது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள் தோழிகளே. எங்களைப் போல இன்னும் எத்தனையோ அடுப்பங்கரைகளுக்கு அது உதவும்.

- ஒரு வாசகி,
திருமங்கலம்.